பெண்கள் பாடசாலையில் இல்ல வலைப்பந்தாட்டம்: வன்னிப் பாடசாலைகளுக்கான நடைமுறை வழிகாட்டி

பல பாடசாலைகளில் இல்லங்களுக்கிடையிலான, அதாவது மாணவிகள் பிரிக்கப்பட்டிருக்கும் குழுக்களுக்கிடையிலான, வலைப்பந்தாட்டம் ஒரே பிற்பகலில் முடிந்துவிடுகிறது. மெய்வல்லுநர் போட்டிக்கு முந்திய வாரத்தில் நான்கு இல்லங்களும் ஏழு ஏழு பேரைத் தெரிவு செய்கின்றன. அந்த இருபத்தெட்டுப் பேரில் பெரும்பாலானோர் ஏற்கெனவே பாடசாலை அணியில் ஆடுகிறவர்கள். இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி என்று மூன்று ஆட்டங்களில் கேடயம் யாருக்கு என்பது தீர்ந்துவிடும். மற்றப் பிள்ளைகள் எல்லைக் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். உடற்கல்வி ஆசிரியையாக நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் நடத்தினேன். வலய மட்டத்தில் ஆடப்போகும் பிள்ளைக்கு இல்ல ஆட்டம் இன்னுமொரு பயிற்சி ஆட்டம்தான். அணிக்கு ஒருநாளும் தெரிவாகாத பிள்ளைக்கோ அதுவே அவளுடைய ஒரே ஆட்டம். ஆகவே அதை அந்தப் பிள்ளைக்காகவே ஒழுங்கு செய்ய வேண்டும் என்பது பின்னர் எனக்குத் தெளிவாயிற்று. அதை எப்படிச் செய்யலாம் என்பதை வன்னியின் மண்ணையும் வெயிலையும் பேருந்து நேரத்தையும் கணக்கில் எடுத்து இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டின் பிறப்பும் இல்லங்களின் கதையும்

முதற் பயிற்சி நாளில் பந்தை எடுப்பதற்கு முன்னர் பத்து நிமிடம் ஒதுக்கி இந்த வரலாற்றைச் சொல்லிவிடுங்கள். வலைப்பந்தின் விதிகள் பிள்ளைகளுக்கு வெறும் தடைகளாகத் தோன்றுவதற்குக் காரணம், அவை எதற்காக வந்தன என்பதை எவரும் சொல்லிக் கொடுக்காமையே. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். சில ஆண்டுகளுக்குள் அது இங்கிலாந்தில் மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்ரர்பேர்க் நடத்திய பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரியை அடைந்தது. அங்கே பெண்கள் நீண்ட பாவாடை அணிந்து, பெரும்பாலும் புல்தரையில் ஆடினார்கள். புல்லிலே பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது; நீண்ட உடையோடு முழுக்களத்தையும் சுற்றி ஓடவும் முடியாது. பந்தோடு ஓடுதல் நீங்கி எறிகை முதன்மை பெற்றதும், களம் மூன்றாகப் பிரிந்து ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை வந்ததும் அந்தச் சூழலில்தான். 1901இல் விதிகள் அச்சாகின. உடையும் தரையும் மாறிய பின்னரும் விதிகள் நிலைத்துவிட்டன. அதனால் தனியொருத்தி பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை வெல்ல முடியாத ஒரு விளையாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமான குழு விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

இலங்கைப் பெண்கள் பாடசாலைகளுக்கு வலைப்பந்து 1920களில் வந்தது. நாடு நாடாக வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்குவதற்காக இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் 1960இல் கூடியதும் நம் நாட்டிலேயே. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றபோது பங்குபற்றிய 11 அணிகளில் இலங்கையும் ஒன்று. இதைக் கேட்கும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். யாழ்ப்பாண மாவட்டத்துப் புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் நிமிர்வார்கள். 208 சென்ரிமீற்றர் உயரமுள்ள அவர் ஆசியக் கிண்ணத்தை 2009இலும் 2018இலும் வென்ற தேசிய அணிகளில் ஆடியவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் எல்லா நாட்டு வீராங்கனைகளிலும் கூடுதலான கோல்களைப் போட்டவரும் அவரே. 2009ஆம் ஆண்டை நம் வீடுகளில் எல்லாரும் வேறொன்றுக்காகவே நினைவு வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டில் நாட்டின் வளையத்தின் கீழ் நின்றவர் ஒரு தமிழ்ப் பெண் என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்திருக்கட்டும்.

இல்லம் என்ற முறை இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளிலிருந்து வந்தது. அங்கே பிள்ளைகள் உண்மையாகவே வெவ்வேறு வீடுகளில் தங்கிப் படித்தார்கள். மிசனரிப் பாடசாலைகள் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தபோது வீடு போய்ப் பெயரும் நிறமும் மிஞ்சின. புனிதர்களின் பெயர், புலவர்களின் பெயர், முன்னாள் அதிபர்களின் பெயர் என்று ஒவ்வொரு பாடசாலையும் தன் வழக்கப்படி சூட்டிக்கொண்டது. வன்னியில் இந்த முறைக்கு இன்னொரு பொருளும் உண்டு. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோதும், 2008இலும் 2009இலும் வன்னி முழுவதும் இடம்பெயர்ந்தபோதும் பாடசாலைகள் கட்டடத்தை இழந்தன. தளபாடங்களையும் ஆவணங்களையும் இழந்தன. மீளக்குடியேறிய பின்னர் தகரக் கொட்டிலில் வகுப்புத் தொடங்கிய நாள்களில் நாங்கள் முதலில் திருப்பி அமைத்தவற்றில் ஒன்று இல்லம். அதற்குக் கட்டடம் தேவையில்லை. ஒரு பெயர்ப்பட்டியலும் நான்கு நிற ரிபனும் போதும். வேறு வேறு ஊர்களிலிருந்து, வேறு வேறு இழப்புகளோடு வந்து ஒரே வகுப்பில் அமர்ந்த பிள்ளைகளுக்கு ‘நாங்கள் பச்சை’ என்று சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

ஆடுகளம்

வலைப்பந்துக் களத்தின் நீளம் 30.5 மீற்றர், அகலம் 15.25 மீற்றர். காலை மாலை வெயில் கோல் எய்யும் பிள்ளையின் கண்ணில் அடிக்காதபடி நீளப்பக்கத்தை வடக்குத் தெற்காக வையுங்கள். நான்கு மூலைகளிலும் முளை அடித்த பின்னர் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் 34.1 மீற்றராக இருந்தால் களம் நேராக இருக்கிறது என்று பொருள். ஒன்று கூடி மற்றது குறைந்திருந்தால் களம் சரிந்திருக்கிறது. கண்ணால் பார்த்து நேரென்று நம்பிச் சுண்ணாம்பு போட்டுவிட்டுப் பின்னர் அழிப்பதைவிட இந்த ஐந்து நிமிட வேலை மேலானது. நீளப்பக்கத்தை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 10.17 மீற்றர் வரும். கோல் கோட்டின் நடுவில் முளை அடித்து, 4.9 மீற்றர் கயிற்றைக் கட்டி இழுத்து அரைவட்டத்தைக் கீறுங்கள். களத்தின் நடுவில் 45 சென்ரிமீற்றர் கயிற்றால் சிறிய வட்டத்தைக் கீறினால் அதன் விட்டம் 90 சென்ரிமீற்றராக அமையும். கோடுகள் 5 சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பாக இருக்கக்கூடாது. கோடும் களத்தின் பகுதியே.

நம் மைதானங்களில் பெரும்பாலானவை கிரவல் பரவியவை. கிரவலில் ஓடி நிற்கும்போது கால் வழுக்கும். விழுந்தால் முழங்காலும் உள்ளங்கையும் உரசிப் போகும். ஆட்டத்துக்கு முன்னர் நான்கு இல்லங்களும் ஆளுக்கு ஒரு மூலையிலிருந்து தொடங்கிக் கல் பொறுக்கட்டும். அரைவட்டங்களுக்குள்ளும் நடு வட்டத்தைச் சுற்றியும் சலித்த மண்ணைப் பரப்பித் தண்ணீர் தெளித்தால் தரை இறுகும். மாரி மழை முடிந்து தை மாதத்தில் மண் இன்னும் ஈரமாக இருக்கும். பங்குனி கடைசியில் வெயில் தாங்காது. மாசி நடுப்பகுதியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை உள்ள காலமே வன்னியில் இதற்கு உகந்தது என்பது என் அனுபவம். உங்கள் பாடசாலை பரீட்சை நிலையமாக இருக்குமானால் அந்த வாரங்களைத் தவிர்த்துத் திகதியைக் குறியுங்கள்.

கம்பத்தின் உயரம் 3.05 மீற்றர். வளையத்தின் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர்; அது கம்பத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் முன்னே நீண்டிருக்க வேண்டும். இந்த அளவுகளை ஒரு தாளில் படமாக வரைந்து, ‘உள்விட்டம்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு இரும்பு ஒட்டுக் கடைக்காரரிடம் கொடுங்கள். நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மீளக்குடியேறிய முதலாம் ஆண்டில் எங்களிடம் கம்பம் இருக்கவில்லை. ஒரு மாணவியின் தகப்பனார் காட்டோரத்திலிருந்து நேரான பாலைத் தடிகள் இரண்டைக் கொண்டுவந்து நட்டுத் தந்தார். அவற்றில் பழைய துவிச்சக்கரவண்டியின் சில்லு வளையத்தைக் கம்பியால் கட்டினோம். பிள்ளைகள் மகிழ்ச்சியோடு ஆடினார்கள், கோல்களும் குவிந்தன. அந்த வளையத்தின் விட்டம் 56 சென்ரிமீற்றர் இருக்கும் என்பதை அப்போது நான் அளந்து பார்க்கவில்லை. வலய மட்டப் போட்டிக்குப் போன இடத்தில் எங்கள் பிள்ளைகள் எய்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக விளிம்பில் பட்டு வெளியே விழுந்தன. மூன்றாவது தவறிய எறிகைக்குப் பிறகு கோல் எய்யும் எங்கள் ஜீ.எஸ். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வளையத்தையே பார்த்தபடி நின்றாள். திரும்பி வரும் வழியில், “ரீச்சர், அந்த வளையம் சின்னன்” என்றாள். வளையம் சின்னனல்ல, நான்தான் அளக்காமல் விட்டவள்.

கம்பத்தை நிரந்தரமாக நடுவதைவிட, சற்று அகன்ற குழாயைக் கொங்கிரீற்றில் புதைத்து அதற்குள் கம்பத்தைச் செருகுவது நல்லது. மற்ற விளையாட்டுகளுக்கு மைதானம் தேவைப்படும்போது கழற்றி வைக்கலாம்; துருப்பிடிப்பதும் குறையும். கழற்றிய நாளில் குழியை மூடியால் மூட மறக்க வேண்டாம். ஐந்தாம் இலக்கப் பந்தின் சுற்றளவு 69 முதல் 71 சென்ரிமீற்றர், நிறை 400 முதல் 450 கிராம். சிறிய வகுப்புகளுக்கு நான்காம் இலக்கப் பந்து போதும். பெரிய பந்தைச் சிறு கைகளில் திணித்தால் நெஞ்சுமட்ட எறிகையைப் பழகுவதற்கு முன்னரே விரல் நோவைப் பழகிவிடுவார்கள்.

பன்னிரண்டு பேர், இரண்டு கால்பகுதிகள்

இதுவே இந்த வழிகாட்டியின் மையம். மற்ற எதையும் உங்கள் பாடசாலைக்கு ஏற்ப மாற்றலாம். இதை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் அணியில் களத்தில் நிற்பவர்கள் ஏழு பேர். ஆட்டம் நான்கு கால்பகுதிகளைக் கொண்டது. ஆகவே ஓர் ஆட்டத்தில் ஓர் இல்லத்துக்கு 28 இடங்கள் கிடைக்கின்றன. ஒவ்வோர் இல்லமும் ஒவ்வொரு பிரிவுக்கும் பன்னிரண்டு பேரைப் பதிவு செய்யட்டும். பதிவு செய்த ஒவ்வொருத்தியும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது இரண்டு கால்பகுதிகள் ஆடியே தீர வேண்டும் என்று விதியுங்கள். பன்னிரண்டு பேருக்கு இரண்டு வீதம் 24 இடங்கள் போக நான்கு இடங்கள் மிஞ்சும். அவற்றை நான்கு பேருக்கு மூன்றாவது கால்பகுதியாகக் கொடுக்கலாம். ஒருவரும் நான்கு கால்பகுதிகளும் ஆடக்கூடாது. இடைவேளைகளில் ஆட்களை மாற்றுவதற்கு வலைப்பந்து விதிகளே இடம் தருகின்றன. ஆகவே நீங்கள் விளையாட்டை வளைக்கவில்லை, அதன் இடத்தை முழுவதுமாகப் பயன்படுத்துகிறீர்கள்.

இந்த விதியை அறிவித்த முதலாம் ஆண்டில் இல்லப் பொறுப்பாசிரியர்களிடமிருந்து எதிர்ப்பு வரும். நல்ல பிள்ளையை வெளியே இருத்திவிட்டு ஆடத் தெரியாத பிள்ளையை இறக்கினால் இல்லம் தோற்காதா என்பார்கள். நான்கு இல்லங்களுக்கும் அதே விதி என்பதால் அந்தக் கணக்குச் சமமாகிவிடுகிறது. மேலும், பன்னிரண்டாவது பிள்ளையை எந்த இல்லம் நன்றாகப் பழக்குகிறதோ அந்த இல்லமே வெல்கிறது என்பதை இரண்டாம் ஆண்டில் அவர்களே கண்டுகொள்வார்கள். எங்கள் பாடசாலையில் அது நடந்தது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட மெல்லிய குரலில் ‘பிரசன்ற்’ சொல்லும் தரம் 7 மாணவி ஒருத்தியை அவளுடைய இல்லத் தலைவி டபிள்யூ.டி. என்ற பக்கத் தடுப்பு ஆட்டக்காரியின் இடத்தில் நிறுத்தினாள். முதலாவது ஆட்டத்தில் அவள் கையைக்கூட நீட்டவில்லை. மூன்றாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில், பக்கக்கோட்டோரம் தனியாக நின்றபடி, “இஞ்சை! இஞ்சை தாங்கோ!” என்று மைதானம் முழுவதும் கேட்கக் கத்தினாள். பந்து வந்தது, பிடித்தாள், எறிந்தாள். அந்த இல்லம் அன்று தோற்றது. மறுநாள் அவள் வருகைப் பதிவுக்குச் சொன்ன ‘பிரசன்ற்’ கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

இன்னொரு சிறிய விதியும் வேண்டும். ஒரு பிள்ளை ஆடும் இரண்டு கால்பகுதிகளும் வெவ்வேறு இடங்களாக இருக்கட்டும். இல்லாவிட்டால் உயரமான பிள்ளை எப்போதும் வளையத்தின் கீழும், கட்டையான பிள்ளை எப்போதும் பக்கத்திலுமாக நின்றுவிடுவார்கள். தர்ஜினியின் உயரத்தைப் பற்றிச் சொன்ன அதே நாளில், அந்த உயரத்துக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த கைகள் எத்தனை என்பதையும் சொல்லுங்கள்.

பிரிவுகளும் நேர அட்டவணையும்

தரம் 6 முதல் 8 வரை ஒரு பிரிவு, 9 முதல் 11 வரை இன்னொன்று, உயர்தர வகுப்புகள் மூன்றாவது என்று வகுத்தால் போதும். ஒவ்வொரு பிரிவிலும் எல்லா இல்லங்களும் எல்லா இல்லங்களோடும் ஆட வேண்டும். ஒரு முறை தோற்றால் வெளியேறும் முறையை இல்ல ஆட்டத்தில் வைக்கவே கூடாது. நான்கு இல்லங்களுக்கு ஒரு பிரிவில் ஆறு ஆட்டங்கள் வரும். முதல் நாள் பச்சையும் சிவப்பும், நீலமும் மஞ்சளும். இரண்டாம் நாள் பச்சையும் நீலமும், சிவப்பும் மஞ்சளும். மூன்றாம் நாள் பச்சையும் மஞ்சளும், சிவப்பும் நீலமும். மூன்று பிரிவுக்குமாகப் பதினெட்டு ஆட்டங்களை நாளுக்கு இரண்டு வீதம் ஒன்பது பிற்பகல்களில் நடத்தலாம். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் மூன்று வாரம். பன்னிரண்டு பேர் வீதம் நான்கு இல்லங்களிலும் மூன்று பிரிவுகளிலுமாக 144 பிள்ளைகள் களத்தில் இறங்கியிருப்பார்கள். சிறிய பாடசாலையில் உயர்தர வகுப்பில் அத்தனை பேர் இல்லையென்றால் எட்டுப் பேரோடு ஆடலாம்; அப்போது மட்டும் சிலர் நான்கு கால்பகுதிகளும் ஆட நேரும். இரண்டு கால்பகுதி விதியை மட்டும் விடாதீர்கள்.

சர்வதேச ஆட்டத்தில் கால்பகுதி 15 நிமிடம். நம் வெயிலுக்கும் நேரத்துக்கும் 8 நிமிடம் போதும். இடைவேளைகளோடு ஓர் ஆட்டம் முக்கால் மணித்தியாலத்துக்குள் முடியும். பாடசாலை 1.30க்கு விட்டதும் ஆட்டத்தைத் தொடங்குவது தவறு. பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள், வெயிலும் உச்சத்தில் நிற்கும். மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முன்னர் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். தொலைக் கிராமங்களிலிருந்து துவிச்சக்கரவண்டியில் வரும் பிள்ளைகள் பொழுது சாயுமுன் வீடு சேர வேண்டும். காட்டோர வீதிகளில் அந்த நேரத்துக்குப் பிறகு யானை நிற்கும். கடைசிப் பேருந்தில் போகிறவர்களின் பெயர்களை எழுதி வைத்து, அவர்களுடைய ஆட்டத்தை முதலாவதாகப் போடுங்கள். தனியார் வகுப்புகள் எந்த நாள்களில் நடக்கின்றன என்பதையும் முன்னரே விசாரியுங்கள். ரியூசனுக்கும் ஆட்டத்துக்கும் இடையில் ஒரு பிள்ளையைத் தெரிவு செய்ய விட்டால் பெற்றோர் ரியூசனைத்தான் தெரிவு செய்வார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆட்டத்துக்கு முன்னர் உண்பதற்கு அவித்த கௌபியோ கச்சானோ ஒரு கைப்பிடி இருந்தால் நல்லது. இல்லத்துக்கு இல்லம் முறை வைத்துக் கொண்டுவரச் சொன்னால் ஒருவருக்கும் பாரமில்லை. குடிநீர் வடிகட்டிய நீராக இருக்கட்டும்.

கற்பிக்க வேண்டிய விதிகள்

விதிப்புத்தகம் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம். முதலில் இடங்கள். பிள்ளைகளின் மார்பில் எழுத்துப் பட்டியைக் கட்டி, அவரவர் போகக்கூடிய எல்லையைப் பந்தில்லாமல் நடந்து காட்டச் செய்யுங்கள். ஜீ.எஸ். தன் கோல் பகுதிக்குள் மட்டும் நடப்பாள். ஜீ.ஏ. அதோடு நடுப்பகுதிக்கும் வருவாள். அரைவட்டத்துக்குள் நின்று கோல் எய்யும் உரிமை இந்த இருவருக்கு மட்டுமே உண்டு. டபிள்யூ.ஏ. அதே இரண்டு பகுதிகளிலும் நடக்கலாம், ஆனால் அரைவட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. சி. என்ற நடு ஆட்டக்காரி இரண்டு அரைவட்டங்களையும் தவிர எங்கும் போகலாம். டபிள்யூ.டி., ஜீ.டி., ஜீ.கே. ஆகிய மூன்று தடுப்பு ஆட்டக்காரிகளும் எதிர்ப்பக்கத்தில் அதே ஒழுங்கைத் திருப்பி நடப்பார்கள். இரண்டு முறை நடந்த பிள்ளைக்கு அதை மீண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அடுத்தது கால். பந்தைப் பிடித்துத் தரையில் முதலாவதாகப் பதிந்த காலை ஊன்றிக்கொண்டு மற்றக் காலால் அடி வைக்கலாம், திரும்பலாம். பதிந்த காலைத் தூக்கவும் செய்யலாம், ஆனால் அது மீண்டும் தரையைத் தொடுமுன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் கூடுதலாகத் தவறுவது இங்கேதான். பந்து இல்லாமலே, ‘இடது, வலது, எறி’ என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு நாளும் பத்து முறை பழகச் செய்யுங்கள்.

பந்தை மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. களத்தின் ஒரு முழுப்பகுதியை யாரும் தொடாமல் பந்து தாண்டக்கூடாது. பந்து வைத்திருப்பவளை மறிக்கும் பிள்ளை அவளுடைய பதிந்த காலிலிருந்து 90 சென்ரிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு நான் கண்ட எளிய வழி, ஒவ்வோர் இல்லமும் சரியாக 90 சென்ரிமீற்றருக்கு ஒரு தடியை வெட்டி, தன் நிறத்தைப் பூசி வைத்துக்கொள்வது. பயிற்சியில் மூன்றாவது பிள்ளை அந்தத் தடியை இருவரின் கால்களுக்கும் இடையில் கிடத்திக் காட்டுவாள். ஒரு வாரத்தில் கண் அந்தத் தூரத்தைப் படித்துவிடும்.

உடலில் முட்டினாலோ குறுகிய தூரத்தில் நின்று மறித்தாலோ எதிரணிக்குத் தண்ட எறிகை கிடைக்கும். பிழை செய்தவள் எறிபவளுக்குப் பக்கத்தில், பந்து கை விடும்வரை அசையாமல் நிற்க வேண்டும். கோபத்தில் வாய் திறக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சில செக்கன்கள் அசையாமல் நிற்பது பெரிய பயிற்சி. ஒவ்வொரு கோலுக்குப் பின்னரும் நடு வட்டத்திலிருந்து தொடங்கும் எறிகை, கோல் போட்டவர் யாராக இருந்தாலும், இரு அணிகளுக்கும் மாறி மாறியே வரும்.

மத்தியஸ்தர்கள்

ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மத்தியஸ்தர், ஒரு புள்ளி பதிபவர், ஒரு நேரக் கணிப்பாளர் வேண்டும். இவர்கள் எல்லாரையும் மாணவிகளிலிருந்தே எடுங்கள். உயர்தர மாணவிகள் சிறிய பிரிவுகளுக்கு மத்தியஸ்தம் செய்யட்டும். முழங்கால் நோவினாலோ வேறு காரணத்தினாலோ ஓட முடியாத பிள்ளைக்கு விசிலும் புள்ளித்தாளும் ஆட்டத்துக்குள் நுழையும் வாசல். தன் இல்லம் ஆடும் ஆட்டத்துக்கு ஒருத்தி மத்தியஸ்தம் செய்யக்கூடாது. விசில் ஊதிய பின்னர் பிழை என்ன, எறிகை யாருக்கு, எந்த இடத்தில் என்ற மூன்றையும் கேட்கும்படி சொல்லிப் பழக்குங்கள். ஆசிரியர்கள் கோட்டுக்கு வெளியே இருந்து அந்தத் தீர்ப்பை மாற்றக்கூடாது. மாற்றினால் அடுத்த விசிலை அவள் ஊதமாட்டாள்.

உடலும் உடையும்

நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். தோடு, வளையல், சங்கிலி கழற்ற வேண்டும். கோயில் நூலை அறுக்கச் சொல்லாதீர்கள். பிளாஸ்ரரால் சுற்றி ஒட்டினால் போதும். கிரவலில் வெறுங்காலோடு ஆட விடாதீர்கள். சப்பாத்து இல்லாத பிள்ளையை அதற்காக நிறுத்தவும் கூடாது. ஆட்டம் முடிந்தவள் கழற்றிக் கொடுப்பதற்கு இல்லத்தில் சில சோடிகள் பொதுவாக இருக்கட்டும். உடை விடயத்தில் நீளக் காற்சட்டையும் ரீசேட்டும் போதும். பாவாடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சில வீடுகளில் அந்தப் பிள்ளைக்கு அனுமதி கிடைக்காது.

வலைப்பந்தில் துள்ளிப் பிடித்துச் சட்டென நிற்பதால் முழங்காலும் கணுக்காலும்தான் முதலில் பாதிக்கப்படும். இரண்டு முழங்கால்களையும் மடித்து மெதுவாக இறங்கப் பழக்குவதே தடுப்பு. ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் இதற்குப் பத்து நிமிடம் கொடுங்கள். சுளுக்கினால் ஆட்டத்தை நிறுத்தி, காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். தேய்த்து உருவ விடாதீர்கள். ஊன்றி நிற்க முடியாவிட்டால் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். மாதவிடாய் நாளில் ஆடுவதா இல்லையா என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். அவள் காரணம் சொல்லாமலே இடம் மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை இல்லத் தலைவி வழியாக ஏற்படுத்தி வையுங்கள், கழிவறையில் தேவையானவை இருக்கட்டும்.

புள்ளிக் கொப்பி

வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பிரிவுகளின் புள்ளிகளையும் கூட்டி இல்லத்தின் நிலையைத் தீர்மானியுங்கள். அப்போது உயர்தர அக்காமார் தரம் 6 தங்கைமாரின் ஆட்டத்தைப் பார்க்க வருவார்கள், பழக்கியும் விடுவார்கள்.

ஒவ்வோர் ஆட்டத்தையும் பெரிய கொப்பியொன்றில் எழுதுங்கள்: திகதி, இல்லங்கள், கால்பகுதி வாரியாகக் கோல்கள், ஆடிய பன்னிரண்டு பேரின் முழுப்பெயர்கள், மத்தியஸ்தர்களின் பெயர்கள். வென்ற இல்லத்தின் பெயர் மட்டும் கேடயத்தில் இருந்தால் போதாது. எங்கள் பாடசாலையில் இடப்பெயர்வுக்கு முந்திய புள்ளிக் கொப்பி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் காலத்து ஆட்டங்களைப் பற்றி நாங்கள் அறிந்ததெல்லாம் பழைய மாணவிகள் வாயால் சொன்னவையே. அவற்றைத் திரட்டுவதையும் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். தாயோ அம்மம்மாவோ பெரியம்மாவோ இதே பாடசாலையில் படித்திருந்தால், எந்த இல்லம், எந்த ஆண்டு, எந்த இடத்தில் ஆடினீர்கள், பந்து எங்கிருந்து வந்தது, என்ன உடுத்தீர்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். ஒருவர் சொன்ன ஆண்டை இன்னொருவரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். சாதாரணதரப் பரீட்சை எழுதிய ஆண்டையோ இடம்பெயர்ந்த மாதத்தையோ வைத்துக் கேட்டால் நினைவு சரியாக வரும். புகைப்படம் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம், கைப்பேசியில் படமெடுத்துவிட்டு உடனே திருப்பிக் கொடுங்கள்; வன்னியில் பல வீடுகளில் அது ஒன்றே மிஞ்சிய படமாக இருக்கும். படத்தில் உள்ளவர்களின் பெயரை எழுதும்போது இப்போது இல்லாதவர்களின் பெயரும் வரும். அந்த இடத்தில் பிள்ளை அவசரப்படாமல், சொல்கிறவர் நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று முன்னரே சொல்லி அனுப்புங்கள்.

ஆண்டு முடிவில் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஒரு பிரதியைப் பழைய மாணவர் சங்கத்திடமும் இன்னொன்றைப் பாடசாலைக்கு வெளியே வேறு மாவட்டத்தில் வசிக்கும் பழைய மாணவி ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். மூலக் கொப்பி அதிபரின் அலுமாரியில், நிலத்திலிருந்து உயரமான தட்டில், பொலித்தீன் உறையில் இருக்கட்டும்.